குறை சொல்லும் உரிமை

உப்புக் குப்பியை நகர்த்திக் கொடுத்தாலும் மார்னி நன்றி சொல்வாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்குச் சொல்வாள், தவறான எண்ணுக்கு அழைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டவருக்கும் சொல்வாள். ஒடெஸா டாலிவரின் சமையலறையில் இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் மார்னி வாயைத் திறக்கும் முன்பே ஒடெஸாவின் மகள் லாட்ரிஸ் முந்திக்கொள்வாள்.

"அம்மா, உப்புக்கு அவ சார்பா நான் தேங்க்ஸ் சொல்லிட்டேன். கீரைக்கும் சேர்த்து. சோளரொட்டிக்கு அவளே சொல்லிக்கட்டும்."

"அவள விடுடீ. ஒருத்தியாவது இந்த வீட்டுல மரியாதை தெரிஞ்சவளா இருக்கா," என்பாள் ஒடெஸா.

மார்னியும் சிரிப்பாள். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஏதோ ஒன்று எப்போதும் விறைத்தே இருக்கும். விருந்தாளி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பதைப் போல. இந்த ஊருக்கு வந்து நான்காவது ஆண்டு நடக்கிறது. இன்னும் அவள் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்ததில்லை.

மார்னி ஹால்வர்சன் விஸ்கான்சினின் வடகோடியில் பிறந்தவள். அப்பா பால் டேங்கர் ஓட்டுகிறார். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். பள்ளியில் மார்னி வாங்கிய மதிப்பெண்களைப் பார்த்து அவளுடைய மாநிலத்துப் பெரிய பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. அதற்கு மேல் எதுவும் கொடுக்கவில்லை. அவள் கண்ணால்கூடப் பார்த்திராத மிசிசிப்பியிலிருந்து ஒரு பல்கலைக்கழகம், நீ வந்தால் போதும், கட்டணம் முழுவதையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றது. அது வெளிமாநிலத்து மாணவர்களுக்கென்றே வைத்திருந்த தகுதி உதவித்தொகை. அவர்களுக்கு வெளியிலிருந்து நல்ல மதிப்பெண்கள் வேண்டியிருந்தன. அவளுக்கு ஒரு வகுப்பறை வேண்டியிருந்தது.

விடுதியில் முதல் வருடம் அவளுக்கு வாய்த்த அறைத்தோழிதான் லாட்ரிஸ். அதே ஊர்க்காரி. கல்விக்கடன் வாங்கிப் படிப்பவள். அறிமுகமான முதல் வாரமே, மார்னியின் உதவித்தொகையைப் பற்றித் தெரிந்ததும், லாட்ரிஸ் தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"எங்கம்மா கட்டுற வரியில நீ படிக்கிற. எங்கம்மா பொண்ணு கடன்ல படிக்கிறா. நல்லா இருக்குப்பா நியாயம்."

கேலிக்குத்தான் சொன்னாள். சொன்ன கையோடு மறந்தும் போனாள். அந்த வாரக் கடைசியில் துவைக்க வேண்டிய துணி மூட்டையோடு மார்னியையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், "அம்மா, பனிக்காட்டுல இருந்து ஒண்ணு பிடிச்சுட்டு வந்திருக்கேன், சோறு போடு," என்றாள். ஆனால் மார்னி மறக்கவில்லை. தான் உட்காரும் இருக்கையில் வேறு யாரோ உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற நினைப்பு அன்றிலிருந்து அவளோடு கூடவே வந்தது. அந்த நினைப்பை அவள் நன்றி சொல்லிச் சொல்லியே சமாளித்தாள்.

மூன்றாம் வருடக் கோடையில் ஊருக்குப் போகாமல், உள்ளூர்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித் தரும் வேலையில் சேர்ந்தாள். அப்போது ஒடெஸாதான், கடற்படைக்குப் போய்விட்ட மகனின் அறையைக் காட்டி, "சும்மா பூட்டிக் கிடக்கு. வாடகை குடுத்தாதான் உனக்குத் தூக்கம் வரும்னு தெரியும், அதனால வாங்கிக்கிறேன்," என்றாள். கோடை முடிந்தும் மார்னி அந்த அறையைக் காலி செய்யவில்லை. போகச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

ஒடெஸா பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். அந்த இலையுதிர் காலத்தில் மாவட்டப் பள்ளிக் குழுவுக்குத் தேர்தலில் நின்றாள். பழைய குழு இரண்டு பேருந்துத் தடங்களை வெட்டிவிட்டிருந்தது. அதனால் பருத்தி அரவை ஆலைக்கு அந்தப்புறம் இருக்கும் பிள்ளைகள் நடைபாதையே இல்லாத நெடுஞ்சாலை ஓரமாக நடந்து வந்தார்கள். மார்னி கோடையில் வாசிக்கச் சொல்லித் தந்த பிள்ளைகள் அவர்கள்தான். மழை நாளில் ஷூவைக் கழற்றிப் பிழிந்துவிட்டு உட்காருவார்கள்.

ஊரெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்கிய ஒடெஸா, தன் வீட்டுக்குள் இருந்த மார்னியிடம் மட்டும் ஓட்டுக் கேட்கவில்லை. மார்னி தானாகவே போய்ப் பெயரைப் பதிந்துகொண்டாள். நவம்பரில், தேவாலயத்தின் பின்கூடத்தில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டாள். வெளியே வந்ததும் சட்டையில் ஒட்டிக்கொள்ளக் கொடுத்த, 'ஓட்டுப் போட்டேன்' என்று அச்சிட்ட சின்ன வட்டத்தை அன்று முழுவதும் கழற்றவில்லை. ஒடெஸா மயிரிழையில் ஜெயித்தாள்.

அடுத்த வாரம் பல்கலைக்கழகத்தில் நன்றி விருந்து.

அது ஆண்டுதோறும் நடப்பது. உதவித்தொகை பெறும் மாணவர்களையும், அந்த நிதிக்குப் பணம் தரும் பழைய மாணவர்களையும் ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பாடு போடுவார்கள். கோழிக்கறி, பீன்ஸ், இனிப்புத் தேநீர், கடைசியில் பீக்கன் பருப்பு வைத்துச் சுட்ட இனிப்பு. சாப்பாட்டுக்கு முன் யாராவது ஒரு கடைசி வருட மாணவர் எழுந்து நன்றி சொல்ல வேண்டும். அந்த வருடம் மார்னியைச் சொல்லச் சொன்னார்கள். இதற்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க முடியாது என்று லாட்ரிஸ் வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

எழுதி வைத்திருந்ததைத்தான் மார்னி வாசித்தாள். பேராசிரியர்களுக்கு, நூலகத்துக்கு, நிதி கொடுத்தவர்களுக்கு. எல்லாம் சரியாகவே போனது. கடைசி வரியை முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தியபோது, எதிர் மேசையில் ஒரு வயதான அம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தாள். காகிதத்தில் இல்லாதது ஒன்று மார்னியின் வாயிலிருந்து வந்தது.

"நான் இங்க விருந்தாளியா வந்தேன். போன வாரம் இங்க ஓட்டுப் போட்டேன். இப்ப இதுதான் என் வீடு. என்னை உங்க ஊர்க்காரி ஆக்கினதுக்கு நன்றி."

கூடம் எழுந்து நின்று கைதட்டியது. உதவித்தொகை அலுவலகத்தின் மிஸஸ் பெட்வே மட்டும் எழுந்திருக்கவில்லை. முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் மெதுவாக வைத்துவிட்டு, மார்னியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவரே ஃபோன் செய்து வரச் சொன்னார்.

"உட்காரும்மா. தண்ணி குடிக்கிறியா?" மிஸஸ் பெட்வேக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, அதையே மேசையில் தேடுகிறவர். மார்னிக்கு அவரைப் பிடிக்கும். "நேத்து நீ பேசினது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. அத முதல்ல சொல்லிடறேன்."

"ரொம்ப நன்றி."

"நன்றி சொல்ற நேரம் இல்லம்மா இது. நீ வாங்குறது வெளிமாநிலப் பிள்ளைங்களுக்கான பணம். வீடு வேற மாநிலத்துல இருக்கணும். அதுதான் விதி. நீ முந்நூறு பேர் முன்னாடி எழுந்து, இதுதான் என் வீடுன்னு சொல்லிட்ட. அறங்காவலர் ஒருத்தர் சாப்பாடு முடியறதுக்குள்ளயே என்கிட்ட வந்து, அந்தப் பொண்ணு எந்த ஊருன்னு கேட்டார்."

மார்னிக்குக் காதுமடல் சூடேறியது. "ஓட்டுப் போட்டது தப்பா?"

"ஓட்டு உன் உரிமை. அதுல நான் தலையிட முடியாது, தலையிடவும் மாட்டேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து." ஒரு தாளை நகர்த்தினார். "படிச்சுப் பாரு. போட்டுட்டேன்னா இதோட முடிஞ்சது."

நான் படிப்புக்காக மட்டுமே இங்கு தங்கியிருக்கிறேன், என் நிரந்தர வீடு விஸ்கான்சினில் உள்ளது, படிப்பு முடிந்ததும் இம்மாநிலத்தில் வசிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அவ்வளவுதான் இருந்தது.

மார்னி பேனாவைக் கையில் எடுத்தாள். எடுத்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூடியைக் கழற்றினாள். மூன்றாவது வாக்கியத்தை மறுபடி படித்தாள். மறுபடி மூடியைப் போட்டாள்.

"போடலேன்னா?"

மிஸஸ் பெட்வே பெருமூச்சு விட்டார். "போடலேன்னா வசந்தப் பருவத்துல இருந்து உதவித்தொகை நின்னுரும். நீ இந்த ஊர்க்காரின்னு யுனிவர்சிட்டி குழு முன்னாடி நிரூபிக்கலாம். ஒத்துக்கிட்டாங்கன்னா உள்ளூர்ப் பிள்ளைங்க கட்டுற குறைஞ்ச ஃபீஸ கட்டலாம். படிக்க வந்தவங்கள லேசுல ஒத்துக்க மாட்டாங்க. ஒத்துக்கலேன்னா நீ ரெண்டுங்கெட்டான். உதவித்தொகையும் இல்ல, உள்ளூர் ஃபீஸும் இல்ல. வெளிமாநில ஃபீஸ் முழுசா கட்டணும். உன்னால முடியுமா?"

முடியாது. பால் டேங்கரை விற்றாலும் முடியாது. அந்த டேங்கரும் அப்பாவுடையது இல்லை.

"ஒரு பருவம்தான் பாக்கி இருக்கு உனக்கு," என்றார் மிஸஸ் பெட்வே. "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் யோசி. தேங்க்ஸ்கிவிங் லீவு முடிஞ்சு வரும்போது கையெழுத்தோட வா. வருவேன்னு எனக்குத் தெரியும். நீ புத்திசாலிப் பொண்ணு."

சனிக்கிழமை காலை ஒடெஸாவின் சமையலறையில் விஷயத்தைச் சொன்னாள். ஒடெஸா அடுப்பில் பன்றி இறைச்சித் துண்டுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். லாட்ரிஸ் கூந்தலில் துணியைச் சுற்றிக்கொண்டு காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"கையெழுத்துப் போடு," என்றாள் ஒடெஸா, திரும்பாமலே.

"மிஸ் ஒடெஸா, உங்கள எதிர்த்து நின்னவங்க ஓட்ட மறுபடி எண்ணச் சொல்லிக் கேக்கறாங்க இல்ல? மாணவர் ஓட்டெல்லாம் செல்லாதுன்னு வக்கீல் வச்சிருக்காங்க. நான் இந்த ஊர் இல்லன்னு எழுதிக் குடுத்தேன்னா, அத எடுத்துக் காட்டினா..."

"காட்டட்டும். ஒரு ஓட்டுல தோக்கிறதா இருந்தா நான் தோத்துட்டுப் போறேன். உன் படிப்ப வச்சு எனக்கு அந்த நாற்காலி வேண்டாம்."

"ஆனா அது உண்மை இல்லியே. எனக்கு இங்க இருக்கணும்னு எண்ணம் இருக்கு. இல்லன்னு எப்படி எழுதறது?"

லாட்ரிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஒரு நிமிஷம். சும்மா வர்ற பணத்த, ஒரு வரி பிடிக்கலன்னு, நீ தூக்கிப் போடப் போறியா?"

"பிடிக்கலன்னு இல்ல. பொய்யா இருக்கு."

"நான் கடன் வாங்கினப்ப எத்தன தாள்ல கையெழுத்துப் போட்டேன்னு தெரியுமா? ஒண்ணையும் படிக்கல. படிச்சா பயந்துருவேன்னு படிக்கல." லாட்ரிஸின் குரலில் கேலி இல்லை. அதுதான் மார்னிக்கு வலித்தது. "எங்க சித்தி பையன் காலேஜுக்கே போகல, தெரியுமில்ல உனக்கு? அவனுக்கு யாராவது இந்தத் தாள நீட்டியிருந்தா, செவ்வாய்க் கிரகத்துல என் வீடுன்னுகூட எழுதிக் குடுத்திருப்பான். திரும்பிப் போக ஒரு இடம் இருக்கிறவங்களுக்குத்தான் இந்த வீம்பெல்லாம் கட்டுப்படியாகும், மார்னி."

அவள் எழுந்து போய்விட்டாள். ஒடெஸா இறைச்சித் துண்டுகளைத் தட்டில் எடுத்து மார்னியின் முன் வைத்தாள். மார்னி நன்றி சொன்னாள். அந்தச் சொல் அந்தச் சமையலறையில் அன்று மிகச் சின்னதாக இருந்தது.

அதன் பிறகு பல நாட்கள் மார்னி தன்னையே குடைந்துகொண்டிருந்தாள். லாட்ரிஸ் சொன்னது உண்மையா? உண்மையின் பெயரில் தான் செய்ய நினைப்பது வெறும் மினுக்கலா? நாலு பேர் எழுந்து நின்று கைதட்டியது போதவில்லையா? இவர்களுக்காக எதையோ இழந்தேன் என்று காட்டினால், கடைசியில் கடன் தீர்ந்ததாக ஆகிவிடும் என்று ஒரு மூலையில் நினைக்கிறாளா? ஒடெஸாவின் நாற்காலிக்காகத்தான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது கண்ணியமான காரணமாகத் தோன்றியது. அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை மறு எண்ணிக்கை முடிந்தது. ஒடெஸாதான் ஜெயித்தாள். எதிராளி, மாணவர் ஓட்டு பற்றிய வழக்கைக் கைவிட்டுவிட்டு, ஒடெஸாவுக்கு ஃபோன் செய்து வாழ்த்தும் சொல்லிவிட்டார். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள் நிறைந்தார்கள். கெளுத்தி மீன் பொரியும் வாசனை தெருமுனை வரை போனது. அந்த இரைச்சலுக்கு நடுவில் ஒடெஸா மார்னியின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"இப்ப என் பேர சொல்லித் தப்பிக்க முடியாது. போய்க் கையெழுத்துப் போடு."

மார்னி பின்கட்டுப் படியில் போய் உட்கார்ந்தாள். காரணம் போய்விட்டது. இப்போது கையெழுத்துப் போட்டால் யாருக்கும் எந்தச் சேதமும் இல்லை. மனத்துக்குள் பேனாவை எடுத்து, அந்த மூன்றாவது வாக்கியத்துக்குக் கீழே தன் பெயரை எழுதிப் பார்த்தாள். கை அப்போதும் வரவில்லை. அவளுக்கு வியப்பாக இருந்தது. அப்படியென்றால் அது ஒடெஸாவுக்காக இல்லை. நன்றிக்காகவும் இல்லை. இந்த ஊரில் அந்த ஆலைக்கு அந்தப்புறத்துப் பிள்ளைகளோடு அவள் இருக்க விரும்புகிறாள். அவ்வளவுதான். யாருக்கும் காட்ட வேண்டியிராத, கைதட்டல் வேண்டாத, மிகச் சாதாரணமான ஓர் ஆசை. விருந்தில் எழுந்து நின்று வாயைத் திறக்கும் வரை அது தனக்குள் இருந்ததே அவளுக்குத் தெரியாது.

அங்கேயே உட்கார்ந்து அப்பாவை அழைத்தாள். அவர் எப்போதும்போல வண்டிக் கொட்டகையில் இருந்தார். ஏதோ இரும்பை இரும்பால் தட்டும் சத்தம் கேட்டது.

"அப்பா, நான் இனிமே விஸ்கான்சின் இல்லன்னு சொல்லப் போறேன். யுனிவர்சிட்டில. பணம் நின்னாலும் நிக்கும்."

தட்டும் சத்தம் நின்றது.

"கிறிஸ்துமஸுக்கு வருவியா மாட்டியா?"

"வருவேன்ப்பா."

"அப்ப வாசல்ல பனி வாரற வேலை உன்னுதுதான். அதுக்கு எந்த ஊர்க்காரின்னு நான் கேக்க மாட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "இரு, உங்கம்மாகிட்ட குடுக்கறேன்," என்றார்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். அவளுடைய மூச்சு ஃபோனில் மேலும் கீழும் ஏறி இறங்குவது கேட்டது. "உன்னை இங்கயே வச்சுக்க எங்களால முடியல கண்ணு. அது எனக்கு இன்னும் உறுத்தலாதான் இருக்கு. உன்னை வச்சுக்கிட்டவங்க அங்க இருக்காங்க. அவங்கள யாருன்னு கேட்டா, தெரியாதுன்னு எழுதிடாத." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "சாப்பாட்டுல காரம் ஜாஸ்தி போடறாங்களா இன்னும்?" என்று கேட்டாள்.

டிசம்பர் முதல் வாரம் மார்னி பல்கலைக்கழகக் குழுவின் முன் போனாள். அதற்கு முன்பு, கையெழுத்துப் போடாத தாளைத் திருப்பிக் கொடுத்தபோது மிஸஸ் பெட்வே தலைக்கு மேலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். திட்டவில்லை. எந்தெந்தச் சான்றுகளைக் கொண்டு போக வேண்டும் என்று வரிசையாகச் சொல்லித் தந்தார்.

குழு கூடிய அன்று காத்திருக்கும் இடத்தில் ஒடெஸா உட்கார்ந்திருந்தாள். பேருந்து ஓட்டும்போது போட்டுக்கொள்ளும் நீல மேலங்கி, மடியில் சாவிக்கொத்து.

"நீங்க எதுக்கு வந்தீங்க, மிஸ் ஒடெஸா? கையெழுத்துப் போடுன்னுதான சொன்னீங்க?"

"இப்பவும் அதத்தான் சொல்றேன். நீ பண்றது தப்பு. அதுக்காக உன்னைத் தனியா அனுப்ப முடியுமா?" சாவியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள். "சீக்கிரம் கூப்பிடச் சொல்லு. மூணு மணிக்குள்ள வண்டிய எடுக்கணும்."

குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் சட்டம் சொல்லித்தரும் ஒரு பேராசிரியை. நரைத்த முடி, நிதானமான குரல். வாடகை, கோடை வேலை, ஓட்டு எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை வைத்தார்.

"இது எங்க குழுவுக்குப் புதுசு. வழக்கமா உள்ளூர்னு சொல்லி ஃபீஸ் குறைக்கத்தான் வருவாங்க. நீங்க முழு உதவித்தொகைய விட்டுட்டு ஃபீஸ் கட்டறேன்னு வந்திருக்கீங்க. ஏன்?"

மார்னி வீட்டில் ஒரு பதிலைத் தயார் செய்திருந்தாள். அது வரவில்லை.

"நன்றி சொல்றதுக்குத்தான் எழுந்து நின்னேன். இது வாயில வந்துருச்சு. வந்த பிறகுதான் உண்மைன்னு எனக்கே தெரிஞ்சுது. அந்தப் பணம் இல்லேன்னா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன். அத மறக்கல. ஆனா அதத் தொடர்ந்து வாங்கணும்னா, இங்க இருக்க எனக்கு எண்ணமே இல்லன்னு எழுதணும். எனக்கு ஜூன்ல இருந்து இங்கதான் வேலை பாக்கணும். அந்தப் பள்ளிக்கூடத்துல எடுத்துக்குவாங்களோ என்னமோ, எனக்குத் தெரியல. எடுத்துக்கலேன்னாலும் இங்கதான் தேடுவேன்."

பேராசிரியை, கூடவே உள்ளே வந்திருந்த ஒடெஸாவைப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்லணுமா, மேடம்?"

ஒடெஸா எழுந்து நின்றாள். "இந்தப் பொண்ணு பண்றது முட்டாள்தனம்னு நான் வீட்லயே சொல்லிட்டேன். இங்கயும் சொல்லிக்கிறேன்." குழுவில் ஒருவர் சிரிப்பை அடக்கினார். "ஆனா நீங்க கேக்கறது அது இல்ல. இவ இந்த ஊரான்னு கேக்கறீங்க. எங்க வீட்டு அடுப்புல எந்தப் பக்கம் பத்தாதுன்னு இவளுக்குத் தெரியும். குளியலறைக்கு என் பொண்ணோட தினமும் மல்லுக்கட்டறா. எங்க சர்ச்சுல பாட்டு ரொம்ப நேரம் போகுதுன்னு மனசுக்குள்ள நினைக்கிறா, வெளிய சொல்ல மாட்டா. மழை பெஞ்சா முதல்ல ஆலைப் பக்கத்துப் பிள்ளைங்க ஞாபகம்தான் இவளுக்கு வருது. இதுக்கு மேல இந்த ஊர்க்காரின்னா என்னன்னு எனக்குத் தெரியல." கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "மன்னிக்கணும், எனக்காகப் பிள்ளைங்க நிப்பாங்க." போய்விட்டாள்.

மார்னி அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி அழுதாள். நன்றி சொல்லத் தோன்றவில்லை. சொல்ல ஆளும் அங்கே இல்லை. நடையின் கடைசியில் சாவிக்கொத்துச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும் முன்பே முடிவு வந்தது. குழு அவளை உள்ளூர் மாணவியாக ஏற்றுக்கொண்டது. உதவித்தொகை அந்தப் பருவத்தோடு நின்றது. மிஸஸ் பெட்வேதான் ஃபோனில் சொன்னார். சொல்லிவிட்டு, "உன் இடத்துக்கு மொன்டானாவுல இருந்து ஒரு பொண்ணு காத்துட்டு இருந்தா. ஜனவரியில வர்றா. இதையும் உன்கிட்ட சொல்லணும்னு தோணிச்சு," என்றார். அன்று சாயங்காலம் மார்னி வெகுதூரம் நடந்தாள். அந்தப் பெண் பெட்டியோடு வந்து இறங்குவதை நினைத்துப் பார்த்தாள். யாரென்று தெரியாத அவளுக்காக மனம் நிறைந்து போயிருந்தது.

ஊரில் அப்பாவுக்குச் சொன்ன வாக்குப்படி முதுகு வலிக்கும் வரை பனி வாரினாள். ஜனவரியில் திரும்பி வந்ததும் கட்டண விவரம் வந்திருந்தது. இப்போது அவளும் ஒரு சின்னக் கடன் வாங்கியிருந்தாள். காலையில் பள்ளிப் பேருந்துகளைக் கூட்டிக் கழுவும் வேலையிலும் சேர்ந்திருந்தாள். கடன் தாளை வரிவிடாமல் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். அது லாட்ரிஸுக்குத் தெரிந்தபோது, "ரொம்பத்தான்," என்றாள். அந்தச் சண்டைக்குப் பிறகு அவள் மார்னியிடம் தானாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அடுத்த ஞாயிறு. மேசையில் கீரை, பொரித்த கோழி, சோளரொட்டி. வழக்கமான இரைச்சல். மார்னி கட்டண விவரத்தை ஃபோனில் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். திடீரென்று கரண்டியை வைத்தாள்.

"வண்டி நிறுத்தறதுக்கு இவ்வளவா? என்கிட்ட வண்டியே இல்ல. அதுக்கும் வாங்கறாங்க. இதுல 'மாணவர் நலக் கட்டணம்'னு தனியா ஒண்ணு. யாரோட நலம் அது? அந்த ஜிம்முல பாதி மெஷின் ஓடறதே இல்ல."

ஒடெஸா லாட்ரிஸைப் பார்த்தாள். லாட்ரிஸ் மெதுவாக வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, மார்னியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"வாடி வா. நாலு வருஷமா இதுக்குத்தான் காத்துட்டு இருந்தேன். இனிமே நீயும் எங்கள மாதிரி திட்டலாம். உனக்கும் உரிமை வந்தாச்சு."

"முதல்ல நல்லாத் திட்டக் கத்துக்கட்டும்," என்றாள் ஒடெஸா. "இப்ப மாதிரி மென்னு முழுங்கித் திட்டினா எவன் கேப்பான்? குடு, கீரையில உப்பு பத்தல."

மார்னி உப்பை ஒடெஸாவிடம் நகர்த்தினாள். ஒடெஸா போட்டுக்கொண்டு, அவள் பக்கமே திருப்பித் தள்ளினாள். மார்னி எடுத்துத் தன் கீரையில் தூவிக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. லாட்ரிஸ் அதற்குள் ஜிம்மில் ஓடாத இயந்திரங்களின் பட்டியலுக்குப் போய்விட்டிருந்ததால், அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

மார்னி மட்டும் கவனித்தாள். நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, எப்போதையும்விட உள்ளே நிறைந்திருக்கும் ஒன்றை வாய்விட்டுச் சொல்லாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு துண்டு சோளரொட்டிக்குக் கையை நீட்டினாள்.